ஒளியால் பேசும் கூண்டு

நுழையும்முன்

தெளிந்த நீரிலும் நஞ்சு கலந்திருக்கக்கூடும். நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. கண்ணால் காண இயலாத ஒன்றைக் கண்டறிய, அதைத் தொட்டதும் தன் ஒளியை மாற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை அறிவியலாளர் உருவாக்கி வருகின்றனர். உலோக அயனிகளும் கரிம மூலக்கூறுகளும் தாமே ஒன்றுகூடிக் கட்டும் கூண்டுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவை எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு ஒளிர்கின்றன, எவ்வாறு உணர்கின்றன என்பதை நீலகிரியில் தொடங்கி விளக்குகிறது இப்பாடம்.

மலையேறி வந்த மரங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில், கல்லாற்றைக் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் வரும் சிற்றூர் பர்லியார். சமவெளியின் வெப்பமும் மலையுச்சியின் குளிரும் சந்திக்கும் இடைநிலத்தில் அமைந்த ஊர் அது. அங்குள்ள தோட்டம் 1871ஆம் ஆண்டு முதல் அரசின் பொறுப்பில் இருந்து வருகிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு எனத் தொலைதூர நாடுகளைத் தாயகமாகக் கொண்ட மரங்கள் அங்கு வேரூன்றிப் பயன் தருகின்றன. எந்த மரம் எந்த உயரத்தில், எந்த ஈரத்தில் வளரும் என்று நட்டுப் பார்த்து அறிந்த முயற்சியின் எச்சமே அத்தோட்டம்.

இதே முயற்சியின் மற்றொரு பகுதி மலையின் மேற்பகுதிகளில் நடந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரைச் சேர்ந்த சின்கோனா மரத்தை, கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரின் முயற்சியால் 1860ஆம் ஆண்டில் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் கிரகாம் மெக்கைவர் அதன் வளர்ப்பை மேற்பார்வையிட்டார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. மரத்தின் பட்டையிலிருந்து குயினைன் என்னும் மருந்து எடுக்கப்பட்டது. மலையடிவாரக் காடுகள் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சத்தக்க இடங்களாக இருந்த காலம் அது. கசப்பான அந்த மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

குயினைனுக்கு மருத்துவக் குணத்தோடு வேறொரு பண்பும் உண்டு. அதன் கரைசல் சாதாரண வெளிச்சத்தில் நீரைப் போல நிறமற்றுத் தோன்றும். புற ஊதா ஒளியில் வைத்தால் அதே கரைசல் பளிச்சென்ற நீல ஒளியை வீசும். வேதி உணரிகளின் கதை இந்த நீல ஒளியிலிருந்து தொடங்குகிறது.

உடனொளிர்தல்

குயினைன் சல்பேட் கரைசலின் மேற்பரப்பில் தோன்றிய நீல ஒளியை 1845ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் பதிவு செய்தார். 1852ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியைக் கரைசல் உட்கவர்ந்து, கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளியாக வெளியிடுகிறது என்று அவர் காட்டினார். ஃபுளூரைட் என்னும் கனிமமும் இவ்வாறு ஒளிர்வதால், அதன் பெயரை ஒட்டி இந்நிகழ்வுக்கு ‘ஃபுளூரசன்ஸ்’ எனப் பெயரிட்டார். தமிழில் இது உடனொளிர்தல் எனப்படுகிறது.

ஒளியை உட்கவரும் மூலக்கூறின் எலக்ட்ரான் தாழ்ந்த ஆற்றல் நிலையிலிருந்து உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அந்நிலையில் அது நீடித்திருக்க இயலாது. பெற்ற ஆற்றலில் ஒரு சிறு பகுதியை அதிர்வாகவும் வெப்பமாகவும் இழந்து, எஞ்சியதை ஒளியாக உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவை அனைத்தும் பெரும்பாலும் சில நானோ நொடிகளில், அதாவது நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன. ஆற்றலில் ஒரு பகுதி குறைந்துவிடுவதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் உட்கவர்ந்த ஒளியின் அலைநீளத்தைவிட மிகுந்திருக்கும். குயினைன் ஏறத்தாழ 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பெற்று, ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தருவது இதனால்தான்.

கிளர்வு நிலையில் இருக்கும் அந்தச் சில நானோ நொடிகளே வேதி உணரியின் அடிப்படை. அந்த நேரத்திற்குள் வேறொரு துகள் வந்து மோதினாலோ எலக்ட்ரானைக் கவர்ந்துகொண்டாலோ மூலக்கூறு ஒளியை உமிழாமலே தாழ்நிலைக்கு வந்துவிடும். ஒளி மங்கும். இது ஒளித்தணிப்பு எனப்படும்.

குயினைன் சொல்வதும் சொல்லாததும்

கந்தக அமிலத்தில் கரைத்த குயினைன் நன்றாக ஒளிர்கிறது. அக்கரைசலில் சிறிது உப்பைச் சேர்த்தால் ஒளி மங்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் குயினைனின் ஒளியைத் தணிப்பதே காரணம். எவ்வளவு குளோரைடு சேர்கிறதோ அவ்வளவு ஒளி குறையும். எனவே ஒளியை அளந்து குளோரைடின் அளவைக் கணக்கிடலாம். நீலகிரியில் மருந்துக்காக வளர்க்கப்பட்ட மரத்தின் மூலக்கூறு, இவ்வகையில் ஓர் எளிய வேதி உணரியும் ஆகும்.

ஒளி குறைவதற்கும் செறிவுக்கும் உள்ள தொடர்பை ஓட்டோ ஸ்டெர்ன், மாக்ஸ் வோல்மர் ஆகியோர் 1919ஆம் ஆண்டில் ஒரு சமன்பாடாக வகுத்தனர். தொடக்கத்தில் இருந்த ஒளிச்செறிவைப் பின்னர் எஞ்சிய ஒளிச்செறிவால் வகுத்து, அதிலிருந்து 1ஐக் கழித்தால் கிடைக்கும் எண், தணிக்கும் பொருளின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 100 அலகு ஒளி 50 அலகாகக் குறைந்தால் அவ்வெண் 1. ஒளி 25 அலகாகக் குறைந்தால் அவ்வெண் 3. ஆகவே இரண்டாவது கரைசலில் தணிக்கும் பொருள் முதலாவதைப் போல் மும்மடங்கு உள்ளது.

எனினும் குயினைனிடம் ஒரு குறை உண்டு. குளோரைடு மட்டுமன்றிப் புரோமைடும் அயோடைடும்கூட அதன் ஒளியைத் தணிக்கின்றன. ஒளி மங்கியது என்பதைக் குயினைன் சொல்லும். மங்கச் செய்தது எது என்பதை அது சொல்லாது. குடிநீரில் கலந்திருப்பது தீங்கற்ற உப்பா, தீங்கு விளைவிக்கும் பொருளா என்று அறிய வேண்டியவருக்கு இந்த அரைச்செய்தி போதாது. வந்தவர் யார் என்று அடையாளம் கண்டு, அதன் பின்னரே குரல் கொடுக்கும் காவலர் தேவைப்படுகிறார். அந்த அடையாளம் காணும் பணிக்காகவே ஒளிரும் மூலக்கூற்றைச் சுவராகக் கொண்ட கூண்டு கட்டப்படுகிறது.

தானே கட்டிக்கொள்ளும் கூண்டு

கூடை முடைபவர் ஒவ்வொரு மூங்கில் பிளாச்சையும் தம் கையால் வளைத்துக் கோக்கிறார். மூலக்கூற்றுக் கூண்டை அவ்வாறு கட்ட எந்தக் கருவியாலும் இயலாது. அதன் அளவு ஒருசில நானோமீட்டர் மட்டுமே. ஆகவே தகுந்த வடிவமுள்ள உறுப்புகளைத் தயாரித்து, கரைசலில் கலந்துவிடுகின்றனர். உறுப்புகள் தாமே பொருந்திக் கூண்டாகின்றன. இது தன்னொருங்கமைவு எனப்படும்.

கூண்டின் மூலைகளாக உலோக அயனிகள் அமைகின்றன. அவற்றை இணைக்கும் விளிம்புகளாகவோ சுவர்களாகவோ கரிம ஈனிகள் அமைகின்றன. ஈனியில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற அணுக்கள் தம் எலக்ட்ரான் இணையை உலோக அயனிக்கு ஈந்து அணைவுப் பிணைப்பை ஏற்படுத்துகின்றன. ஒவ்வோர் உலோக அயனியும் தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட திசைகளில் மட்டுமே ஈனிகளை ஏற்கும். அந்தக் கோணங்களைக் கணக்கிட்டு ஈனிகளை வடிவமைப்பதே வேதியியலாரின் திறன்.

ஜப்பானிய அறிவியலாளர் மகோட்டோ ஃபுஜிட்டாவும் அவர் குழுவினரும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கூண்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பல்லேடியம் அயனியைச் சுற்றி, சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல நான்கு இடங்கள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு இடங்களைச் சிறு மூலக்கூறு ஒன்றால் முன்னரே அடைத்துவிட்டால், எஞ்சிய இரண்டும் 90 பாகைக் கோணத்தில் திறந்திருக்கும். மூன்று முனைகளைக் கொண்ட முக்கோண வடிவ ஈனிகளை இவற்றுடன் சேர்த்தனர். 6 பல்லேடியம் அயனிகளில் 12 இடங்கள். 4 ஈனிகளில் 12 முனைகள். எதுவும் மிஞ்சாமலும் குறையாமலும் பத்து உறுப்புகளும் இணைந்து உள்ளீடற்ற கூண்டாயின.

அணைவுப் பிணைப்புகள் பிரிந்து மீண்டும் சேரக்கூடியவை என்பதே இதன் நுட்பம். தவறாகச் சேர்ந்த உறுப்புகள் பிரிந்து மீண்டும் முயல்கின்றன. மிகவும் நிலைப்புத்தன்மை உடைய அமைப்பு கிடைக்கும்வரை இது தொடர்கிறது. முடிவில் கரைசலில் பெரும்பாலும் சரியான கூண்டுகளே எஞ்சுகின்றன.

தெரிந்து தெளிவோம்

உலோக-கரிமக் கூண்டு வேறு. உலோக-கரிமக் கட்டமைப்பு வேறு. கட்டமைப்பில் அறைகள் ஒன்றோடொன்று இணைந்து படிகம் முழுவதும் தொடர்கின்றன. கூண்டு ஒவ்வொன்றும் தனித்தனியானது. ஆகவே பொருத்தமான நீர்மத்தில் கரையும் தன்மை உடையது. உலோக-கரிமக் கட்டமைப்புகளை உருவாக்கியமைக்காக சுசுமு கிடகாவா, ரிச்சர்டு ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விருந்தோம்பும் வெற்றிடம்

கூண்டின் சிறப்பு அதன் சுவரில் இல்லை. உள்ளே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. அங்கு வந்து தங்கும் மூலக்கூற்றை வேதியியலார் ‘விருந்தினர்’ என்றும், இடம் தரும் மூலக்கூற்றை ‘விருந்தோம்புநர்’ என்றும் அழைப்பர். இத்துறைக்கு அடித்தளமிட்ட டொனால்டு கிராம், ழான்-மரி லேன், சார்லஸ் பெடர்சன் ஆகியோர் 1987ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வருபவர் அனைவரையும் வரவேற்பது தமிழர் விருந்தோம்பல். கூண்டின் விருந்தோம்பலோ தேர்ந்தெடுத்து வரவேற்பது. விருந்தினரின் பருமன் வெற்றிடத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். வடிவம் பொருந்துதல் வேண்டும். மின்சுமையும் இசைதல் வேண்டும். நேர்மின்சுமை கொண்ட கூண்டு எதிர்மின் அயனிகளை ஈர்க்கும். நீரை விலக்கும் உட்சுவர் கொண்ட கூண்டு, நீரில் எளிதில் கரையாத கரிம மூலக்கூறுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்பொருத்தத்தின் ஆற்றலை 2009ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் நிட்ஷ்கே குழுவினர் காட்டினர். அவ்வாய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் இந்தியரான பிரசென்ஜித் மால். வெண்பாஸ்பரஸ் காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் இயல்புடையது. 4 இரும்பு அயனிகளும் 6 ஈனிகளும் கொண்ட நான்முகிக் கூண்டினுள் அடைத்தபோது அது காற்றிலும் மாற்றமின்றி இருந்தது. ஆக்சிஜனுடன் சேர்ந்தால் உருவாகும் பொருளுக்குக் கூண்டில் இடம் போதாது. அதனால் வினை நிகழவில்லை. பின்னர் பென்சீன் சேர்க்கப்பட்டபோது பென்சீன் உள்ளே நுழைந்து பாஸ்பரஸை வெளியேற்றியது. எந்த விருந்தினருக்கு இடம் தருவது என்பதைக் கூண்டு எவ்வளவு நுட்பமாக முடிவுசெய்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

கூண்டுக்கு ஒளியூட்டல்

பொருத்தம் பார்க்கத் தெரிந்த கூண்டுக்கு ஒளிவிடவும் தெரிய வேண்டும். இதில் இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை உலோகம். பல இடைநிலை உலோக அயனிகள் அருகிலுள்ள கரிம மூலக்கூறின் ஒளியைத் தாமே தணித்துவிடுகின்றன. துத்தநாக அயனியின் உட்கூடு பத்து எலக்ட்ரான்களால் முழுமையாக நிரம்பியிருப்பதால் அது ஒளியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆதலால் ஒளிரும் கூண்டுகளுக்குத் துத்தநாகம் பெரிதும் பயன்படுகிறது. பிளாட்டினம் கொண்டும் நன்கு ஒளிரும் கூண்டுகள் உருவாக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது தடை மூலக்கூறின் அசைவு. டெட்ராஃபீனைல் எத்திலீன் என்னும் மூலக்கூறில் நான்கு வளையங்கள் மின்விசிறியின் இறக்கைகளைப் போல அமைந்துள்ளன. கரைசலில் அவை தடையின்றிச் சுழல்வதால், பெற்ற ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகிவிடுகிறது. மூலக்கூறுகள் நெருங்கித் திரளும்போது சுழற்சி தடைப்பட்டு ஒளி பிறக்கிறது. இத்தகைய நிகழ்வுக்கு, 2001ஆம் ஆண்டில் பென் சொங் டாங் குழுவினர் ‘திரள்வால் தூண்டப்படும் ஒளிர்வு’ எனப் பெயரிட்டனர். இதே மூலக்கூற்றைக் கூண்டின் சுவராக அமைத்தால் உலோகப் பிணைப்புகள் வளையங்களைப் பிடித்து நிறுத்துகின்றன. கரைசலில் இருக்கும்போதே கூண்டு ஒளிர்கிறது. பீட்டர் ஸ்டாங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட பிளாட்டினக் கூண்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

மங்கும் ஒளி உணர்த்தும் செய்தி

இந்தியாவில் இத்துறையில் தொடர்ந்து பணியாற்றி வருவது, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் பார்த்தசாரதி முகர்ஜியின் ஆய்வுக்குழு. அவருக்கு 2016ஆம் ஆண்டின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது வழங்கப்பட்டது. ஒளிரும் கூண்டுகளைக் கொண்டு நைட்ரோ தொகுதிகள் உள்ள வெடிபொருள்களை, குறிப்பாகப் பிக்ரிக் அமிலத்தை உணர்வது அக்குழுவின் ஆய்வுகளுள் ஒன்று. புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுஜித் கோஷ் குழுவினர் இதே நோக்கத்திற்கு ஒளிரும் உலோக-கரிமக் கட்டமைப்புகளைப் பயன்படுத்தியுள்ளனர்.

பிக்ரிக் அமிலம் மஞ்சள் நிறமுடையது. முன்னர்ச் சாயமாகவும் பின்னர் வெடிபொருளாகவும் பயன்பட்டது. நீரில் கரைவதால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பரவக்கூடியது. அதன் வளையத்திலுள்ள மூன்று நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரான்களைத் தம்பால் வலிமையாக இழுக்கின்றன. எலக்ட்ரான் வளம் மிக்க கூண்டு ஒளியைப் பெற்றுக் கிளர்வு நிலையில் இருக்கும்போது பிக்ரிக் அமிலம் அருகில் வந்தால், எலக்ட்ரான் அதன் பக்கம் தாவிவிடும். கூண்டின் ஒளி மங்கும். அம்மங்கலே செய்தி.

ஒளி மங்குவது மட்டுமே செய்தி முறை அன்று. ஒளிரும் சாயம் ஒன்றை முதலில் கூண்டினுள் அமர்த்திவைக்கலாம். உள்ளே இருக்கும்வரை அது ஒளிராது. கண்டறிய வேண்டிய பொருள் வந்து அதை வெளியேற்றும்போது சாயம் விடுபட்டு ஒளிரும். இருட்டில் விளக்கு ஏற்றப்படுவது எளிதில் கண்ணில் படும். பல விளக்குகளுள் ஒன்று சற்று மங்குவது எளிதில் படாது. ஆகவே ஒளி தோன்றும் உணரிகளும் நிறம் மாறும் உணரிகளும் கூடுதல் நம்பிக்கைக்கு உரியன.

ஆய்வகத்திலிருந்து ஆற்றங்கரைக்கு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி, பாதரசம் ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. அதாவது 10 லட்சம் லிட்டர் நீரில் 1 கிராம். காரீயத்திற்கு 0.01 மில்லிகிராம் என்பது எல்லை. ஃபுளூரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. நீலகிரியின் தேயிலைச் செடியும் மண்ணிலுள்ள ஃபுளூரைடை ஈர்த்துத் தன் முதிர்ந்த இலைகளில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. இவ்வளவு நுண்ணிய அளவுகளை இன்று பெரும்பாலும் ஆய்வகக் கருவிகளே துல்லியமாகச் சொல்கின்றன. நீர் மாதிரி ஆய்வகத்திற்குப் போய் முடிவு வரும்வரை ஊர் அதே நீரைத்தான் பருகிக்கொண்டிருக்கும்.

ஒரு சொட்டு நீரை இட்டு, கைவிளக்கின் புற ஊதா ஒளியில் பார்த்தே முடிவு சொல்லும் தாள் ஒன்று கிடைத்தால் அந்தக் காத்திருப்பு குறையும். ஒளிரும் கூண்டுகளை ஆய்வோரின் இலக்குகளுள் இதுவும் ஒன்று. அங்குச் சேர்வதற்குத் தாண்ட வேண்டியவை சில உள்ளன. முதலாவது, கூண்டு நீரில் சிதையாமல் நிலைத்திருத்தல் வேண்டும். பிரிந்து சேரும் பிணைப்பு கூண்டைக் கட்ட உதவுகிறது. அதே இயல்பு கூண்டைக் கலைக்கவும் கூடும். இரண்டாவது, ஃபுளூரைடு போன்ற அயனிகளை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருப்பதால், அவற்றை விடுவித்து உள்ளே ஈர்ப்பது கடினம். மூன்றாவது, ஒளி மங்குவதற்குப் போலிக் காரணங்களும் உண்டு. மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலமே விளக்கின் புற ஊதா ஒளியை இடையில் உட்கவர்ந்துகொள்வதால், கூண்டை நெருங்காமலேயே ஒளி குறைந்ததாகத் தோன்றலாம். ஆகவே ஆய்வாளர் கண்டறிய வேண்டிய பொருளோடு, நீரில் இயல்பாக இருக்கும் பிற உப்புகளையும் தனித்தனியே சேர்த்துச் சோதிக்கின்றனர். மற்றவற்றுக்கு மாறாமல் ஒன்றுக்கு மட்டும் மாறும் ஒளியே சான்றாக ஏற்கப்படும்.

குன்னூர்ப் பள்ளத்தாக்கின் நீர் பர்லியார் வழியாக இறங்கிக் கல்லாறாகிப் பவானியை அடைகிறது. மலையில் நீரில் கலப்பது எதுவாயினும் சமவெளியில் அதைப் பருகுவோர் உள்ளனர். நீர் தூயது என்று சொல்வதற்குக் கண்ணின் சாட்சி போதாது. ஆய்ந்து அறிந்த சாட்சி வேண்டும். பொருத்தம் பார்த்து ஏற்கும் வெற்றிடமும், அதைப் புறத்தே அறிவிக்கும் ஒளியும் ஒரே மூலக்கூறில் இணைந்தால் அந்தச் சாட்சியைப் பெறலாம் என்பதே இக்கூண்டுகள் தரும் நம்பிக்கை. நம்பிக்கையை நம்பகமான கருவியாக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. அது இன்று வேதியியல் பயிலத் தொடங்கும் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. ஒளி மங்குவதை மட்டும் கொண்டு ஒரு பொருளை உறுதிப்படுத்த இயலாது என்பதைப் பாடத்திலுள்ள இரு சான்றுகளுடன் விளக்குக.

2. 8 உலோக அயனிகள், ஒவ்வொன்றிலும் 3 இடங்கள். ஒவ்வோர் ஈனியிலும் 2 முனைகள். எதுவும் மிஞ்சாமல் கூண்டு அமைய எத்தனை ஈனிகள் தேவை எனக் கணக்கிடுக. அக்கூண்டின் வடிவம் யாதாக இருக்கும் என வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரின் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எங்கு ஆய்வு செய்யப்படுகிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

4. உடனொளிர்தல், ஒளித்தணிப்பு, தன்னொருங்கமைவு, விருந்தோம்புநர் ஆகிய கலைச்சொற்கள் உருவான முறையை உங்கள் தமிழாசிரியருடனும் வேதியியல் ஆசிரியருடனும் உரையாடிக் குறிப்பு எழுதுக.